பணியிடத்தில் மதம் பேசாமல் ஒரு கிறிஸ்தவர் தம் விசுவாசத்தை எவ்வாறு வாழ்ந்து காட்டுவது?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கிறேன். ஆள் பதிவது, பறித்த பழத்தை எடை போடுவது, கூலிக் கணக்கு எழுதுவது என் வேலை. ஆகவே தராசை வைத்தே பதில் சொல்கிறேன்.

அராபிகா செடியில் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. நவம்பர் தொடங்கிச் சில மாதங்களுக்கு ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, சிவந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பனியில் நனைந்த சேலையோடு நாள் முழுவதும் சரிவில் நின்று பறித்த பெண்கள், மாலையில் சாக்கைத் தலையில் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். குறித்த அளவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் கூலி உண்டு என்பதால், அவர்கள் கண் தராசை விட்டு அகலாது.

முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு 2 கிலோ கழிக்கச் சொல்லியிருந்தார்கள். வெறும் சாக்கு அதில் பாதிகூட இராது. 28 கிலோ 700 கிராம் என்றால் 28 என்றே எழுத வேண்டும். இரண்டு பருவம் அப்படியே எழுதினேன். ஞாயிறுதோறும் ஆராதனைக்கும் போனேன். கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்ற நீதிமொழிகள் 11:1 ஓய்வுநாள் பள்ளியிலேயே எனக்கு மனப்பாடம். அது என் முன்னால் இருந்த தராசைப் பற்றியது என்று உறைக்க அத்தனை நாளாயிற்று. எடையில் பிடித்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பதை அன்பு என்று சொல்ல என்னால் இப்போது முடியாது.

இங்கே ஈரச் சாக்கு ஒன்றை அவர்கள் எதிரிலேயே எடை போட்டு, அது காட்டுவதை மட்டும் கழிக்கிறேன். கிராமையும் எழுதி, எழுதியதை உரக்கப் படிக்கிறேன். எடை சரியாக இருந்தால் பச்சைக் காயைக் கலக்க மாட்டார்கள் என்று முதலாளியிடம் எடுத்துச் சொல்லித்தான் இதற்கு அனுமதி வாங்கினேன். கலப்பு முழுதும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. கூலிக்காரன் கூலி விடியும்வரை நம்மிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. எங்களுடையது வாரக் கூலி என்பதால், சனிக்கிழமை இருட்டுவதற்குள் பட்டுவாடாவை முடித்துவிடுகிறேன்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் மலைத் தெய்வமான சேர்வராயனை வணங்கும், மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைப் பழங்குடியினர். மே மாதத் திருவிழாவுக்கான விடுப்பை அவர்கள் கேட்பதற்கு முன்பே குறித்து வைத்துவிடுவேன். இயேசுவைப் பற்றி நானாகப் பேச்செடுத்ததில்லை. கூலிப் புத்தகம் என் கையில் இருக்கும்போது, விருப்பம் இல்லாவிட்டாலும் அவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

சென்ற பருவத்தில் ஒரு மூதாட்டி சாக்கைத் தராசில் வைத்ததும், "நீ எழுதிக்க கண்ணு" என்று திரும்பிப் பார்க்காமலே நடந்தார். "பாத்துட்டுப் போங்க ஆயா" என்று அவரை அழைத்து நிறுத்தினேன்.