சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: பழங்காசுக்குத் தரச்சான்று தேவையா?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து பழங்காசு சேர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே கவலைதான்: விலை குறைந்த பொருள் உண்மையானதா, அதன் தரம் என்ன என்பதை அதிகச் செலவில்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? தரச்சான்று என்பது, ஒரு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு பொருள் அசலா என்று பார்த்து, தரத்துக்கு ஓர் எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவது. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

இராமேஸ்வரம்: ஐயா, அக்னி தீர்த்தக் கரையில் காசு அரிப்பவர் ஒருவரிடம் ஒரு செப்புக்காசு வாங்கினேன். ஒரு பக்கம் வி, ஓ, சி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. கீழே 1752 என்று இருக்கிறது. கப்பலோட்டிய தமிழனின் கம்பெனி வெளியிட்டது என்கிறார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கலாமா?

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906இல். உங்கள் காசில் உள்ள ஆண்டை நீங்களே ஒருமுறை பாருங்கள்! அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. பெரிய வி எழுத்தின் இரு கைகளிலும் மற்ற இரண்டு எழுத்துகளும் கோக்கப்பட்டிருக்கும். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் வெகுகாலம் வணிகம் செய்தார்கள். ஆகவே அவர்களுடைய ‘டாய்ட்’ காசு இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. மறுபக்கத்தில் அச்சிட்ட டச்சு மாகாணத்தின் சின்னம் இருக்கும். முடிசூடிய கேடயத்துக்குள் நிற்கும் சிங்கம் என்றால் ஹாலந்து. சிங்கம் அலைகளிலிருந்து எழுந்தால் சீலாந்து. எடை மூன்று கிராமை ஒட்டியும் விட்டம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் இருந்தால் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இவற்றை மூட்டை மூட்டையாக அச்சிட்டுக் கப்பலில் அனுப்பினார்கள். தேய்ந்த காசு இன்று சில நூறு ரூபாய்க்குத்தான் போகும். தரச்சான்றுக் கட்டணம், காப்பீட்டுடன் தபால், திரும்பிவரும் செலவு என்று கூட்டினால் ஆயிரங்களைத் தொடும். மேலும் கடலில் கிடந்த காசுக்கு எண் எதுவும் தரமாட்டார்கள். ‘அரிப்புக்குள்ளானது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதைத் தெரிந்துகொள்ளக் காசு கொடுக்க வேண்டுமா? அனுப்பக் கூடாது என்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. அதைப் பெரியபட்டினத்துக்காரருக்குச் சொல்லும் பதிலில் படியுங்கள்.

இராமநாதபுரம்: 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, அனுமன் படம் போட்டது. இருபத்தைந்தாயிரம் கேட்கிறார்கள். அபூர்வ சக்தியால் அரிசி மணியை இழுக்கும் என்றும் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. அனுமன், ராமர் பட்டாபிஷேகம், தாமரை எனப் படம் மாறும். 1616, 1717, 1818, 1839 என ஆண்டும் மாறும். எல்லாம் பிற்காலத்தில் பித்தளையிலும் செம்பிலும் அடித்துத் தள்ளிய கற்பனைக் காசுகள். கம்பெனி உண்மையில் சென்னை மாகாணத்துக்காக அச்சிட்டதைப் பார்க்க வேண்டுமானால் 1808ஆம் ஆண்டுப் பத்துக்காசு, இருபதுகாசு நாணயங்களைத் தேடுங்கள். அவை இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானவை. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதிலிருந்து பின்னர் ஏராளமாக எடுத்ததால் இன்றும் அவை மலிவாகவே கிடைக்கின்றன. அரிசியை இழுக்கும் காசு என்று வருபவர் இழுக்கப்போவது உங்கள் பணத்தைத்தான். பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏர்வாடி: வைஷ்ணவ தேவி படமுள்ள ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறார்களாம். ‘ரிசர்வ் வங்கிக் கட்டணம்’ முதலில் செலுத்த வேண்டுமாம்.

அதன் மதிப்பு ஐந்து ரூபாய். இத்தகைய மோசடிகளில் தன் பெயர் பயன்படுத்தப்படுவதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

கீழக்கரை: என் பாட்டியின் காசுமாலையிலிருந்து கழற்றிய வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் எல்லாம் உண்டு. நகைக்கடைக்காரர் பாதி போலி என்கிறார். எதை நம்புவது?

அம்மா, நம்புவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஐந்நூறு ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. காசு சேர்ப்பவர் முதலில் வாங்க வேண்டியது காசு அல்ல, அந்தத் தராசு. வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். வளையம் பற்றவைத்த மிச்சம் ஒட்டியிருந்தால் சற்றுக் கூடும். பத்து கிராமுக்குக் கீழே போனால் போலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

எடை சரியாக இருந்தாலும் உலோகம் வேறாக இருக்கலாம். தராசின் மேல் ஒரு சிறு குவளையில் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். வளையத் துளை இருந்தால் நூல் கட்ட வசதி. தராசு ஓர் எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். பழைய ரூபாய் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஆகவே 10.3 அருகே வர வேண்டும். எட்டரையை ஒட்டி வந்தால் பித்தளைக் கலவைக்கு வெள்ளிப் பூச்சு.

ஆறாம் ஜார்ஜ் காசுகளில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். அடர்த்தி ஒன்பதரையை ஒட்டி வரும். 1947ஆம் ஆண்டு ரூபாய் முழுவதும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். இந்த இரண்டும் போலி அல்ல, அரசே அப்படித்தான் அச்சிட்டது. உங்கள் கடைக்காரர் ‘போலி’ என்றவற்றில் பல இந்த வகையாக இருக்கலாம். பற்றவைத்த தழும்புள்ள காசுக்குத் தரச்சான்று வாங்குவது வீண். சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு வெள்ளியின் விலையை ஒட்டியே நிற்கும். மாலையாகவே கோத்து வைத்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

மண்டபம்: அண்ணே, டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பா ஒரு பெட்டி ஹாக்கி வீரர் அட்டைகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்டுச் சேகரிப்பவர்களுக்காக விற்கும் அட்டைகளை, கொடுத்தனுப்பினார். எல்லாம் 1990, 1991. கனடாவின் புகழ்பெற்ற வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் அட்டையும் இருக்கிறது. அவர் அட்டை கோடிக்கணக்கில் விற்றதாகப் படித்தேன். இங்கே யாரிடம் காட்டுவது?

தம்பி, ஹாக்கி என்றதும் நம்மூர்க்காரருக்கு தயான் சந்தும், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரனும் நினைவுக்கு வருவார்கள். இது பனித்தரை ஹாக்கி. இங்கே இதை வாங்குவார் கிடைப்பது அரிது. நீங்கள் படித்தது 1979-80இல் ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட கிரெட்ஸ்கியின் முதல் அட்டை, எண் 18. பத்துக்குப் பத்து தரம் பெற்ற ஒன்று 2021இல் முப்பத்தேழரை லட்சம் டாலருக்கு விற்றது. உங்களிடம் இருப்பது பத்தாண்டுக்குப் பிந்தியவை. அந்தக் காலத்தில் நிறுவனங்கள் போட்டி போட்டு அச்சிட்டுக் குவித்தன. வாங்கியவர்களும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் விலை இல்லை. ஒரே ஓர் அட்டைக்குக் கொடுக்கும் தரச்சான்றுக் கட்டணத்தில் அதே போன்ற ஒரு பெட்டியை வாங்கிவிடலாம்.

தரத்தை நீங்களே பார்க்கலாம். படம் நடுவில் இருக்கிறதா, நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரம் வெளுத்திருக்கிறதா, பரப்பில் கீறல் உண்டா: தரச்சான்று நிறுவனங்கள் பார்ப்பதும் இந்த நான்கைத்தான். உண்மையா என்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அசல் அட்டையில் படம் ஒழுங்கான வண்ணப் புள்ளிகளால் ஆனதாகவும், பெயரின் கறுப்பு எழுத்து புள்ளியில்லாமல் திண்ணமாகவும் இருக்கும். அசலைப் படமெடுத்து மறுபடி அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். ஓரத்தை வெட்டிக் கூராக்கும் தந்திரமும் உண்டு. அதே வரிசையைச் சேர்ந்த விலையில்லாத அட்டையை மேலே வைத்துப் பாருங்கள். குட்டையாக இருந்தால் கத்திரி பட்டிருக்கிறது.

ஆசை விடவில்லையென்றால் மிகச் சிறந்த இரண்டு மூன்றை மட்டும் பொறுக்கிச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். பலர் சேர்ந்து ஒரே கட்டாக அனுப்பினால் தபால் செலவு பங்காகும். அங்கே அது வழக்கம். ஆனால் இந்த வகை அட்டைக்கு ஒன்பது கிடைத்தாலும் நட்டம். பத்து கிடைத்தால் கட்டணம் திரும்பலாம். மற்றபடி ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மண்டபத்து உப்புக்காற்றில் அட்டை ஒரே மழைக்காலத்தில் வளைந்துவிடும்.

பெரியபட்டினம்: காளை படுத்திருக்க, கீழே ‘சேது’ என்று தமிழில் எழுதிய செப்புக்காசு வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் ஒருவர் தரச்சான்றுடன் கேட்கிறார். அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த நாணயமும் தொல்பொருளே. அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ‘தரம் பார்க்கத்தான் அனுப்பினேன், திரும்பி வந்துவிடும்’ என்பது சுங்க அதிகாரியிடம் எடுபடாது. இணையத்தில் ஆலோசனை சொல்பவர்கள் கட்டணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இதை மட்டும் சொல்வதில்லை. சான்று வேண்டுமென்றால் இந்தியாவுக்குள்ளேயே தருபவர்களைத் தேடுங்கள்.

உங்களுடையது யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட வகை. மறுபக்கத்தில் நிற்கும் அரசனும் அருகே விளக்கும் இருக்க வேண்டும். காளைக்கு மேலே பிறை. இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் காசு வெளியிட்டதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கையால் அடித்த இந்தக் காசுகளில் அச்சு ஒருபக்கம் ஒதுங்கியே விழும். அதனால் எழுபதுக்கு இத்தனை என்று தர எண் கொடுக்கும் அமெரிக்க அளவுகோல் இவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ‘சேது’ முழுதாகப் படிக்க முடிகிறதா என்பதைத்தான் வாங்குபவர் பார்ப்பார். லென்ஸில் நுண்ணிய குமிழிக் குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒரு கோடும் தெரிந்தால் அது வார்த்த போலி.

தேவிபட்டினம்: செப்புக்காசில் வெளிர்பச்சைத் தூள் வருகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்கு. கறுத்த, பச்சைபடிந்த மேற்பரப்புதான் காசின் வயதுக்குச் சாட்சி. அதைத் தேய்த்தால் விலையில் பெரும்பங்கு போய்விடும். ஆனால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் வேறு. உப்பிலுள்ள குளோரைடு செம்பைத் தின்கிறது என்று பொருள். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, சில நாளுக்கொருமுறை நீரை மாற்றிவாருங்கள். வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்த்திய பிறகு காகிதச் சட்டத்தில் வையுங்கள், மெதுமெதுவென்ற பி.வி.சி. உறை வேண்டாம், அதுவே பச்சைப் பிசுக்கைக் கொண்டுவரும்.

அழகன்குளம்: மழைக்குப் பின் மேட்டில் சிறு செப்புக்காசுகள் கிடைக்கின்றன. ரோமானியக் காசா?

இருக்கலாம். அகழாய்வில் அங்கே ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது சேகரிப்பாளருக்கான கேள்வி அல்ல. மண்ணில் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துத் தகவல் கொடுங்கள்.

தொண்டி: ஏற்கெனவே தரச்சான்றுப் பெட்டியில் அடைத்து விற்கும் காசை நம்பலாமா?

பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தையும் கையிலுள்ள காசையும் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். எண் மட்டும் ஒத்துப்போவது போதாது. அசலின் எண்ணையே நகலெடுத்திருப்பார்கள்.

உச்சிப்புளி: லென்ஸ், தராசு எல்லாம் வாங்கிவிட்டேன். கண் பழகுவதற்கு எங்கே போவது?

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. மதுரையிலோ சென்னையிலோ நாணயக் கண்காட்சி நடந்தால் போய்வாருங்கள். வாங்குவதற்கு முன், ‘இதே காசை அடுத்த ஆண்டு பாதி விலைக்காவது திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எழுதித் தருவீர்களா’ என்று விற்பவரிடம் கேளுங்கள்.