மலையடி ஊரில் மெதுநடை: வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே ஊரைக் கேட்டு வந்துள்ளன. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து மலையடி ஊரான கோல குபு பாருவைச் சுற்றியிருந்த தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்நான்குக்கும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முழங்கால் வலி உண்டு. ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மலை ஏறாமல், காட்டையும் ஆற்றையும் பார்த்தபடி நடந்துவர கோல குபு பாருவில் இடம் உண்டா? எந்த நேரத்தில் போவது நல்லது?
(வாசகி, கிள்ளான்)

பதில்: உண்டு, அம்மா. அந்த ஊரே உங்களைப் போன்றவர்கள் நடப்பதற்காக வரையப்பட்டது என்று சொன்னாலும் தவறில்லை. 1920-களில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் நகர்த் திட்ட அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரீட், பழைய ஊர் வெள்ளத்துக்கும் வண்டலுக்கும் இரையாகிக்கொண்டிருந்தபோது, மேட்டு நிலத்தில் இப்புதிய நகருக்குத் திட்டம் போட்டார். தோட்ட நகர் என்னும் கருத்தில் பிடிப்புள்ளவர் என்பதால், கடைத்தெருவைச் சிறியதாக வைத்து, குடியிருப்புகளுக்கு இடையே பசுமை வெளிகளை விட்டார். அதனால் கடைத்தெருவில் தொடங்கி, அரசாங்கக் குடியிருப்புகளின் பக்கம் உள்ள மரநிழல் சாலைகளைச் சுற்றி, மீண்டும் கடைத்தெருவுக்கே வந்து சேர ஒரு மணி நேரம் போதும். அதுவும் பிள்ளைகள் நின்று நின்று வேடிக்கை பார்க்கும் நேரத்தையும் சேர்த்து. கால் வலித்தால் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், ஒதுங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். இந்த வசதி காட்டுப்பாதையில் கிடைக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை ஏழு மணியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தித்திவங்சா மலைத்தொடர் ஊருக்குக் கிழக்கே சுவர்போல் நிற்பதால், பொழுது விடிந்த பின்னும் வெயில் ஊருக்குள் இறங்கச் சற்றுத் தாமதமாகும். மலை தரும் அந்த இலவச நிழலில் நடந்து முடித்துவிட வேண்டும். பிற்பகலில் நிலைமை தலைகீழ். வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடிப்பது ஒருபுறம் இருக்க, காலை முழுதும் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் கருமேகமாகத் திரண்டு, மூன்று நான்கு மணியளவில் இடியோடு கொட்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது அடிக்கடி நடக்கும்.

ஆற்றோரத்தை நடையின் இரண்டாம் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரருகே ஓடும் சிலாங்கூர் ஆறு, பிரேசர் மலைப் பக்கத்துச் சரிவுகளில் பிறந்து, மேற்கே கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்குப் படகேறியிருப்பீர்களே, அங்கே சேறாக அசையாமல் கிடக்கும் அதே நீர்தான் இங்கே பாறைகளுக்கிடையே தெளிவாகத் துள்ளி ஓடுகிறது. இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், நம்ப மறுப்பார்கள். கரையை ஒட்டிய சமதளமான பகுதியில் நடப்பது எளிது. ஆனால் பாசி படிந்த உருண்டைக் கற்கள்மேல் முழங்கால் வலி உள்ளவர் ஏறவே கூடாது. பிள்ளைகள் கணுக்கால் அளவு நீரில் நிற்கட்டும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள்.

காலில் வெட்டுக்காயமோ புண்ணோ இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம், ஏனெனில் எலிச்சிறுநீர் வழியே பரவும் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி அவ்வழியாக உடம்புக்குள் எளிதில் நுழைந்துவிடும். போய் வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: சிலிங் அருவிக்குப் போகும் பாதை சுலபமானது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். குடும்பத்தோடு போகலாமா? வானம் தெளிவாக இருந்தால் பயமில்லைதானே?
(வாசகர், ரவாங்)

பதில்: பாதை பெரும்பாலும் ஏற்றமில்லாதது என்பது உண்மை. சுலபம் என்பதை ஏற்க மாட்டேன். அருவியை அடைவதற்குள் சிலிங் ஆற்றைப் பலமுறை குறுக்கே கடந்தாக வேண்டும், திரும்பும்போதும் அத்தனை முறையும் கடக்க வேண்டும். கெலா என்னும் ஆற்றுமீன்களைப் பாதுகாக்கும் பகுதி என்பதால் அனுமதிக்கப்படும் நாள்களுக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு, சில காலங்களில் முழுதாக மூடியும் வைப்பார்கள். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. தலைக்கு மேல் உள்ள வானம் இங்கே எதையும் சொல்லாது. நீங்கள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போதே, பல கிலோமீட்டர் மேலே மலையில் பெய்த மழை, குறுகிய பள்ளத்தாக்கில் திரண்டு ஒரே வீச்சாக வந்து சேரும். இதைத்தான் மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப்போகும் என் தந்தையார், நாங்கள் நீரில் ஆடும் நேரம் முழுவதும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மலைமுகடு மறைந்துவிட்டால், எங்களில் யார் எவ்வளவு கெஞ்சினாலும் கரையேறிவிட வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஆற்றின் இரைச்சல் கனப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணிமணிகளைத் தேடி நிற்காமல் மேடேறுங்கள். அக்கரையில் அகப்பட்டுக்கொண்டால், நீர் வடியும்வரை மேட்டிலேயே காத்திருப்பதுதான் வழி.

2000-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சிலாங்கூர் அணை ஊருக்கு மேலே இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அணை தடுப்பது தனக்குள் வந்து சேரும் நீரை மட்டுமே. அணைக்கு மேலே உள்ள கிளையாறுகளுக்கும், அணைக்குக் கீழே வந்து கலப்பவற்றுக்கும் அதனால் பாதுகாப்பு ஏதும் இல்லை.

கேள்வி: கோல குபு பாரு அருகே உள்ள அம்பாங் பெச்சா என்ற ஊர்ப் பெயருக்கு ‘உடைந்த அணை’ என்று பொருளாமே? வெள்ளை முதலைக் கதை உண்மையா?
(மாணவி, பந்திங்)

பதில்: பொருள் சரிதான், தங்கையே. ஈயச் சுரங்க வேலைக்காக அங்கே நீரைத் தேக்கிய பழைய அணை ஒன்று இருந்தது. 1883 அக்டோபர் 29 அன்று அது உடைந்து, அப்போதைய கோல குபுவை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்த சிசில் ரேங்கிங் இறந்தவர்களுள் ஒருவர். ஆற்றின் காவலாக ஊரார் கருதிய வெள்ளை முதலையை அவர் சுட்டதே காரணம் என்பது செவிவழிக் கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் உன் பள்ளிக் கட்டுரையில் அக்டோபர் மாத மழையை முதலில் எழுது, முதலையை அதன்பின் எழுது.

அணை உடைந்ததோடு துன்பம் முடியவில்லை. மேல்நிலத்தில் ஈயம் தோண்டியவர்கள் கழித்துவிட்ட மணலும் சேறும் ஆற்றின் அடியில் படிந்து, ஆற்றுப்படுகை உயர உயர, சாதாரண மழைக்கும் கரை வழிந்தது. நாடெங்கும் பெருவெள்ளம் புகுந்த 1926-க்குப் பிறகு பழைய இடத்தில் நிலைப்பதற்கு வழியில்லாமல் போயிற்று. ‘பாரு’ என்ற ஒட்டு, அதாவது ‘புதிய’ என்பது, அப்படித்தான் ஊர்ப்பெயரில் சேர்ந்தது. அம்பாங் பெச்சா புது நகரிலிருந்து வண்டியில் சில நிமிடத் தூரம். நடந்து போவதானால் போக்குவரத்து மிகுந்த சாலையோரம் போக வேண்டும் என்பதால், பெரியவர் துணையோடு போ.

கேள்வி: செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் நடக்கலாமா? அட்டைக்கு என்ன செய்வது? ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் குத்து மலை ஏறலாமா?
(வாசகர், பத்தாங் காலி)

பதில்: தோட்டப் பாதைகள் தனியார் நிலம், அனுமதி பெற்றே நுழைய வேண்டும். நம் பெற்றோர் அங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள் என்பது காவலாளியிடம் செல்லாது. எனக்கு ஒருமுறை செல்லவில்லை. வெட்டிப் போட்ட மட்டைகளுக்கடியில் எலியைத் தேடிப் பாம்பு வரும். லாரி வரும் புழுதியும் உண்டு. ரப்பர் மரக்காலத்து நிழலை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

அட்டைக்கு, காலுறையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவது ரப்பர் பால் வெட்டிய நம் வெட்டுமரத்துக்காரர்களின் பழைய வழக்கம். ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெதுவாக நெம்பி எடுத்தால் போதும்.

குத்து மலை ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். தொடக்கத்திலேயே ஆறு கடக்க வேண்டும், உச்சியருகே செங்குத்து. வெள்ளையர் காலத்துப் பங்களாவின் புகைபோக்கி மட்டும் மேலே நிற்கிறது. பயிற்சியும் வழிகாட்டியும் இருந்தால் ஏறுங்கள். ஆனால் இந்தக் கேள்வி பதில் எளிய நடைக்கானது என்பதால், அதற்குமுன் பிரேசர் மலைக்கு வண்டியில் போய், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஹெம்மன்ட் பாதையில் நடந்து பாருங்கள். குளிர்ந்த மலைக்காட்டுக்குள், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் போகும் பாதை அது. மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், கைத்தடி கொண்டுபோங்கள். காலையில் சியாமாங் குரங்குகளின் கூவல் எதிர்மலையிலிருந்து கேட்கும். போகும் வழியில் வளைவுகள் மிகுதி என்பதால், வயிற்றைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் பசியாறலைத் திரும்பி வந்து கோல குபு பாருவில் வைத்துக்கொள்ளலாம்.