கேள்வி பதில்: மெஷினைத் தொட விடுவாங்களா?

கேள்வி: இந்த முறை மெத்ஸில ஏஎல் எழுதிட்டன், எஞ்சினியரிங் கிடைக்கும் எண்டு நம்பிக்கை இருக்கு. சும்மா நோட்ஸ் பாடமாக்கி பாஸ் பண்ண விருப்பமில்ல, ரிசேர்ச் மாதிரி கையால ஏதும் செய்யணும். மொறட்டுவயா பேராதனையா எண்டு வீட்டில ஒரே சண்டை, கிளிநொச்சியை அப்பா கணக்கிலேயே எடுக்கிறாரில்ல. எதை முதல்ல போட? (மாணவன், உப்புவெளி)

பதில்: தம்பி, பேராதனை பீடம் 1950ல கொழும்பில தொடங்கி 1964ல இப்ப இருக்கிற இடத்துக்குப் போன பழைய பீடம், மொறட்டுவ எலக்ட்ரோனிக்ஸ், கம்பியூட்டர் பக்கம் பேர் போனது, இதெல்லாம் உங்கட டியூஷன் சேரே சொல்லியிருப்பார். கிளிநொச்சி அறிவியல் நகர்ல இருக்கிறது யாழ்ப்பாண கம்பஸ்ட பீடம், அங்கயும் அதே நாலு வருசப் பட்டம்தான், அப்பாட்ட சொல்லுங்க.

ஆனா நீங்க கேக்கிற விசயத்துக்கு பேர் உதவாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுட (யூஜிசி) ஹேண்ட்புக்கை வச்சு, எந்தக் கம்பஸில எந்தப் பாடநெறி எண்டு காட்டுற யூனிகோட் இலக்கங்களை வரிசை போட முதல் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒரு சீனியரைப் பிடிச்சு மெஷினை நீங்களே ஓட்டினீங்களா இல்ல டெமோ காட்டிட்டு விட்டாங்களா, ஒரு குரூப்புக்கு எத்தனை பேர், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு யார் தந்தது எண்டு கேளுங்க. பத்துப் பேர் சுத்தி நிக்க ஒருத்தன் வயர் செருக, மற்ற ஒம்பது பேரும் அவன்ட ரீடிங்கை கொப்பி அடிக்கிறதெல்லாம் ஒரு லாப்பா? லெக்சரர்மார் எழுதின ஆராய்ச்சிப் பேப்பர்களையும் தட்டிப் பாருங்க, கூட எழுதினவங்கட பேர்ல பட்டப்படிப்புப் பிள்ளைகள் வருதா எண்டு.

அமெரிக்காவில இருக்கிற எம்ஐடி கம்பஸில 1969லயே மார்கரெட் மக்விகார் எண்டவ முதல் வருசப் பிள்ளைகளையும் ப்ரொஃபசர்மார்ட ஆராய்ச்சியில சேக்கிற திட்டத்தைத் தொடங்கிட்டா. எங்கட பக்கம் வழமையா ஃபைனல் இயர் வரை காத்திருக்கிறதுதான், அதுக்காக காத்திருந்தே ஆகணும் எண்டு சட்டம் ஒண்டும் இல்ல, ரெண்டாம் வருசத்திலேயே போய் "சேர், லீவு நாள்ல உங்கட லாப்பில உதவி செய்யவா" எண்டு கேட்டுப் பாருங்க. கோடிங் பக்கம் எண்டா அதுவும் தேவையில்ல. கம்பஸ் பிள்ளைகள் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு கோட் எழுதுற கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் 2005ல தொடங்கி முதல் பத்து வருசத்தில உலகத்திலேயே கூடப் பிள்ளைகள் எடுபட்ட கம்பஸ் மொறட்டுவதான், அதுக்கு வேண்டியது ஒரு லப்டொப்பும் நித்திரை முழிக்கிற பழக்கமும்.

கேள்வி: மகள் சிவில் எடுத்து ஆராய்ச்சி செய்யப் போறாளாம். ஆராய்ச்சி எல்லாம் லெக்சரர் ஆகிறவங்களுக்குத்தானே, வேலைக்கு உதவுமா? (ஒரு தாய், கிண்ணியா)

பதில்: நீங்க டவுனுக்கு வந்து போற கிண்ணியாப் பாலத்தையே எடுங்க, 2009ல திறந்தது, 400 மீட்டருக்கு கொஞ்சம் குறைவு, நிக்கிறது உப்புத் தண்ணியில. உப்பில இருக்கிற குளோரைட் மெல்ல மெல்ல கொங்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் தொட்டா கம்பி கறள் பிடிக்கும், கறள் இரும்பை விட பல மடங்கு இடம் பிடிக்கிறபடியா உள்ள இருந்து தள்ளி கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கடற்கரைப் பக்கம் பழைய வீடுகள்ட பல்கனிக்கு கீழ நிண்டு அண்ணாந்து பாருங்க, சிமெந்து கழண்டு கம்பி தெரியும்.

உப்பு எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கு எண்டு பாக்க, புதுசா உடைச்ச கொங்கிரீட் முகத்தில சில்வர் நைட்ரேட் தெளிப்பாங்க, குளோரைட் கூட இருக்கிற இடம் வெள்ளையாகும், மற்ற இடம் மண்ணிறம். ஏஎல் கெமிஸ்ட்ரியில மகள் டெஸ்ட் டியூப்பில பாத்த அதே வெள்ளை வீழ்படிவுதான். கம்பி கறள் பிடிக்குதா எண்டு பெரிசா உடைக்காமப் பாக்க இன்னொரு வழி இருக்கு, செப்பு சல்பேட் எலக்ட்ரோட் ஒண்டை மேற்பரப்பில வச்சு அதுக்கும் உள்ள இருக்கிற கம்பிக்கும் இடையில வோல்ட்டேஜ் அளக்கிறது, மைனஸ் 350 மில்லிவோல்ட்டை விட இறங்கினா கம்பி கறள் பிடிக்க 90 வீதத்துக்கு மேல வாய்ப்பு எண்டு எடுப்பாங்க. இதை தன்ட கையால அளந்து, ரீடிங் ஏன் குழம்புது எண்டு மண்டையை உடைச்ச பிள்ளைக்கு துறைமுகம், பாலம், ஹோட்டல் எண்டு கடலோரம் கட்டுற எங்க போனாலும் இன்டர்வியூவில பேச விசயம் இருக்கும். நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்டும் இல்ல, விடுங்க அவள.

கேள்வி: கம்பஸ் எடுபட பாக்கிற ஏஎல் இசட் ஸ்கோர் கொஞ்சத்தால போச்சு. இங்க கோணேசபுரி கம்பஸில எஞ்சினியரிங் இருக்கா? (மூதூர்)

பதில்: இல்ல, திருகோணமலை வளாகத்தில எஞ்சினியரிங் பீடம் இல்ல. மாவட்டக் கோட்டாவும் பின்தங்கிய மாவட்டத்துக்கான 5 வீதமும் எங்கட திருகோணமலை மாவட்டத்துக்கு இருக்கிறபடியா கட் ஓஃப் வர முதல் மனசு உடையாதீங்க. அதுவும் சரிவராட்டி திறந்த பல்கலைக்கழகத்தில வேலை செய்துகொண்டே எஞ்சினியரிங் பட்டம் படிக்கலாம், மொறட்டுவ கம்பஸ்ட என்டிடி எண்ட தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவும் இருக்கு. என்டிடிக்கு தனியா அப்ளிகேஷன் கோருவாங்க, பேப்பர் விளம்பரத்தில கண் வச்சிருங்க.