திறப்பதா, வைப்பதா? விஸ்கி கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வந்தன: வீட்டில் ஒரு நல்ல போத்தல் இருக்கிறது, அதை என்ன செய்வது? ஆகவே மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா 1989ல் துபாயிலிருந்து வரும்போது வாங்கி வந்த 12 வருட ஸ்கொட்ச் ஒன்று இன்னும் திறக்காமல் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. இத்தனை வருடம் வைத்திருந்ததால் அதன் வயது கூடியிருக்குமா? குடிக்கலாமா, விற்றால் நல்ல விலை போகுமா? (வெள்ளவத்தை வாசகர்)

12 வருடம் என்றால் இன்றும் 12 வருடம்தான். விஸ்கி முதிர்வது ஓக் பீப்பாவுக்குள் மட்டும். மரத்திலிருந்து நிறமும் வனிலா வாசமும் இறங்குவதும், காற்று மெல்ல உள்ளே போய்க் காரம் தணிவதும் அங்கேதான் நடக்கும். கண்ணாடியில் அடைத்த அன்றோடு அந்தக் கணக்கு முடிந்தது. லேபிளில் உள்ள 12, அதில் கலந்த விஸ்கிகளிலேயே இளையதன் வயது.

ஆனால் உங்கள் கையில் இருப்பது வேறு விதத்தில் அருமையானது. அது வடிக்கப்பட்டது 1970களில். அதே பெயரில் இன்று கடையில் நிற்கும் போத்தலோடு பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். ஒரே குடும்பத்து முகச்சாயல் தெரியும், ஆள் வேறு.

முதலில் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விஸ்கியின் மட்டம் கழுத்தில் நின்றால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி வழியாக நிறைய ஆவியாகிப் போயிருக்கிறது, சுவை தட்டையாக இருக்கலாம். லேபிளில் 75 சென்டிலீட்டர் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பிய அளவு 70க்கு மாறியது. ஆகவே அந்த 75 உங்கள் அப்பா சொன்ன வருடத்துக்கு ஒரு நல்ல சாட்சி.

விலையைப் பொறுத்தவரை, 12 வருடக் கலப்பு விஸ்கிகள் அந்தக் காலத்திலேயே இலட்சக்கணக்கில் வெளிவந்தவை. பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். அப்பாவின் நினைவுநாளில் அவருக்கு ஒரு கிளாஸ் படைத்துவிட்டு, சகோதரர்கள் இருந்து குடியுங்கள். அப்படிச் செய்த குடும்பங்களை எனக்குத் தெரியும்; ஒருவரும் பிறகு மனம் வருந்தியதில்லை.

பல வருடமாகச் சேர்க்கிறேன். 90 போத்தலுக்கு மேல் இருக்கிறது: மக்கலன், ஹிபிக்கி, ஒரு போர்ட் எலன்கூட. திறந்தவை மிகக் குறைவு. "இதையெல்லாம் கடைசியில் யார்தான் குடிக்கப் போகிறார்கள்?" என்று மனைவி கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. (பம்பலப்பிட்டி வாசகர்)

சேர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1983ல் ஸ்கொட்லாந்தில் போர்ட் எலன், பிரோரா என்ற இரண்டு வடிசாலைகளையும் இழுத்து மூடினார்கள். விற்காத விஸ்கி பீப்பா பீப்பாவாகத் தேங்கிக் கிடந்த காலம் அது. அந்த விஸ்கி இன்றைக்கும் ஒரு மிடறு கிடைக்கிறது என்றால், யாரோ ஒருவர் குடிக்காமல் எடுத்து வைத்ததால்தான். பிரோரா 2021லும் போர்ட் எலன் 2024லும் மறுபடி திறந்துவிட்டன. ஆனால் புதிதாக வடிப்பது புதிய விஸ்கி. 1970களில் வடித்தது திரும்ப வராது. ஜப்பானிய விஸ்கியான ஹிபிக்கியின் 17 வருடத்தையும் 2018ல் நிறுத்திவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அதுவென்றால் பத்திரமாக வைத்ததற்கு உங்களுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 1926ல் வடித்த ஒரு மக்கலன், 60 வருடம் பீப்பாவில் இருந்து 1986ல் வெறும் 40 போத்தலாக அடைக்கப்பட்டது. அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 21 இலட்சம் பவுணுக்கு மேல் போனது. அதன் லேபிளை வரைந்தவர் வலேரியோ அதாமி என்ற இத்தாலிய ஓவியர். வாங்கியவர் அதைக் குடிப்பார் என்று நான் நம்பவில்லை. அந்த விலைக்கு வந்த பிறகு உள்ளே இருப்பது விஸ்கியா தேத்தண்ணியா என்பதே பொருட்டில்லாமல் போகிறது. அந்த நிலைக்கு ஒரு நல்ல விஸ்கி வருவது எனக்குத் துக்கமாக இருக்கிறது. 60 வருடம் அந்தப் பீப்பாவைக் கவனித்தவர்கள் ஒரு வாய்க்காகத்தான் கவனித்தார்கள்.

இன்னொன்று. ஒரு போத்தல் அரிதாவதற்குக் காரணமே மற்றவர்கள் தங்கள் போத்தலைக் குடித்து முடித்ததுதான். எல்லாரும் உங்களைப் போலவே அலுமாரியில் வைத்திருந்தால் எதுவும் அரிதாகியிருக்காது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். மாதம் ஒரு போத்தல், அதுவும் நண்பர்களோடு பகிர்ந்து, திறந்தால்கூட 90 போத்தல் முடிய ஏழரை வருடம். இடையில் நீங்கள் வாங்குவதை நிறுத்தப் போவதில்லை. அறுபது தாண்டியதும் பலருக்கு மோப்பம் மங்கத் தொடங்கும். விஸ்கியின் சுவையில் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு நிதானமாகக் குடிக்கலாம் என்று வைத்திருப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு போத்தலுக்கும் எதிரே, இதை யாரோடு, எப்போது திறப்பேன் என்று எழுதுங்கள். மகன் பல்கலைக்கழகம் முடிக்கும்போது, மெல்பனிலிருந்து தம்பி வரும்போது, வீட்டுக் கடன் கட்டி முடித்த அன்று, எதுவாகவும் இருக்கலாம். பெயர் எழுத முடியாத போத்தல்களை, எழுத முடிந்த ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரே விஸ்கி இரண்டு இருந்தால் ஒன்றை இந்த மாதமே திறவுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றதை ஏன் வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும். கொப்பியை மனைவியிடமும் காட்டுங்கள். அவருடைய கேள்விக்குரிய பதில் அதுதான்.

கடற்கரைப் பக்கம் நான்காம் மாடியில் இருக்கிறோம். இந்த வெக்கையில் போத்தல்களை எப்படி வைப்பது? நம் சூட்டில் விஸ்கி வேகமாக முதிரும் என்கிறார்களே? (தெஹிவளை வாசகர்)

அவர்கள் சொல்வது பீப்பாவுக்குப் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் பீப்பாவிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2 வீதம் ஆவியாகும். பெங்களூர் அம்ருத் வடிசாலையில் அது 10 வீதத்தைத் தாண்டும். அதனால்தான் அவர்களின் விஸ்கி நாலைந்து வருடத்திலேயே தேறிவிடுகிறது. போத்தலுக்குச் சூடு கெடுதல் மட்டுமே செய்யும்.

நிறுத்தியே வையுங்கள். வைனைப் போலப் படுக்க வைத்தால் விஸ்கியின் காரம் தக்கையைத் தின்றுவிடும். வெயில் படும் சுவரோரம், குசினி, ஃப்ரிட்ஜின் மேல் எல்லாம் வேண்டாம். வீட்டின் உட்சுவரை ஒட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லது. ஏசி கட்டாயமில்லை, பகலில் சூடு, இரவில் குளிர் என்று ஏறி இறங்குவதுதான் கெடுதல். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஏசி அறையை நம்பியிருந்தவர்களைவிடச் சாதாரண இருட்டு அலுமாரிக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

கடற்காற்றுக்கு முதலில் போவது தகர உறைதான். அடிவளையத்தில் மண்ணிற வரி தெரிந்தால் போத்தலை வெளியே எடுத்துவிடுங்கள், துரு லேபிளில் ஒட்டும். மட்டைப்பெட்டி என்றால் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போடுங்கள், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இராமபாணப் பூச்சிக்கு லேபிள் பசை என்றால் உயிர். கழுத்தைச் சுற்றி, ஆய்வுகூடங்களில் பாவிக்கும் பாரஃபில்ம் நாடாவை இழுத்துச் சுற்றினால் ஆவியாவது நன்றாகக் குறையும்.

என் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதியை அரிய விஸ்கியில் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். (நுகேகொடை வாசகர்)

வேண்டாம். 2022க்குப் பிறகு ஏல விலைகள் நன்றாக இறங்கிவிட்டன. அதைவிடப் பெரிய சிக்கல், இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் விற்பது குற்றம். உங்களால் சட்டப்படி விற்க முடியாத பொருளில் ஓய்வுகாலப் பணத்தைப் போடக் கூடாது.

போலியும் சேர்ந்துகொள்கிறது. 2018ல் ஸ்கொட்லாந்தின் ஓர் ஆய்வுகூடத்தில் 55 அரிய போத்தல்களைச் சோதித்தபோது 21 போலி என்று தெரிந்தது. 1950களிலும் அறுபதுகளிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது; அது பார்லிக்குள்ளும் போனது. ஆகவே விஸ்கியில் அதை அளந்தால் பார்லி எப்போது விளைந்தது என்று தெரிந்துவிடும். 2017ல் சுவிட்சர்லாந்தில் ஒருவர் 1878 என்று லேபிள் ஒட்டிய விஸ்கியை ஒரு சிறிய கிளாஸ் 9,999 பிராங் கொடுத்துக் குடித்தார். சோதித்தால் அது 1970களின் தொடக்கத்துக் கலப்பு விஸ்கி. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

குடித்து முடித்த நல்ல போத்தல்களின் லேபிளைக் கிழித்துவிட்டு எறியுங்கள். வெற்றுப் போத்தலை வாங்கி நிரப்பி விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மகள் பிறந்த 1998ல் ஒரு சிங்கிள் மோல்ட் வாங்கி வைத்தேன். இப்போது கல்யாணம் வருகிறது. வரவேற்பில் திறக்கச் சொல்கிறார்கள் சம்பந்தி வீட்டார். கிட்டத்தட்ட 60 பேர் குடிப்பார்கள். (கொட்டாஞ்சேனை வாசகர்)

70 சென்டிலீட்டர் போத்தலில் 25 மில்லிலீட்டர் கிளாஸ் 28 வரும். அறுபது பேருக்குக் காணாது. வரவேற்பு இரைச்சலில் சோடாவோடு கலந்து போகும். அங்கே பிளாக் லேபிள் போதும், நல்ல விஸ்கி, ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் போத்தலைக் கல்யாணத்துக்கு முதல் நாளோ, எல்லாம் முடிந்து மண்டபக் கணக்குத் தீர்த்த இரவோ, வீட்டு மேசையில் திறவுங்கள். நீங்கள், மனைவி, மாப்பிள்ளை, சம்பந்தி, தாய்மாமன், அவ்வளவுபேர். மகள் குடிப்பவர் என்றால் முதல் கிளாஸ் அவருக்கு. அது அவருடைய போத்தல். பல வீடுகளில் பெண்ணின் பெயரில் வாங்கிய போத்தலைப் பெண்ணைத் தவிர எல்லாரும் குடித்து முடிக்கிறார்கள்; எனக்கு அது சரியாகப் படவில்லை. நாள் குறிக்கும்போது போயா வருகிறதா என்றும் பாருங்கள், அன்று மதுக்கடை பூட்டு, மற்றவற்றை முதலே வாங்கி வைக்க வேண்டும்.

ஐஸ் போட்டதும் விஸ்கி பால்போலக் கலங்கியது. போலியா? (மட்டக்குளி வாசகர்)

இல்லை. குளிர்வடிகட்டல் செய்யாத, அதாவது அடைக்குமுன் குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் இயற்கைக் கொழுப்புப் பொருட்கள் இருக்கும். குளிர்ந்தாலோ, தண்ணீர் சேர்ந்து மதுச்செறிவு 46 வீதத்துக்குக் கீழே இறங்கினாலோ அவை கலங்கலாகத் தெரியும். நல்ல அறிகுறி, தாராளமாகக் குடியுங்கள்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதன்முதலாக ஒரு டாலிஸ்கர் வாங்கினேன். திறந்தால் கெட்டுவிடுமோ என்று பயம். தண்ணீர் சேர்க்கலாமா? அலுவலக நண்பர்கள் அது பாவம் என்கிறார்கள். (கொள்ளுப்பிட்டி வாசகி)

திறவுங்கள் தங்கச்சி, பயமே வேண்டாம். திறந்த போத்தல் பாதி வரை நிறைந்திருந்தால் ஒரு வருடம் நன்றாக இருக்கும். கால்வாசிக்கு இறங்கியதும் காற்று வேலையைக் காட்டும். அப்போது சின்னப் போத்தலொன்றைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து அதற்கு மாற்றிவிடுங்கள். ஈயக் கண்ணாடி டிகாண்டரில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், ஈயம் விஸ்கியில் இறங்கும்.

தண்ணீர் பாவமில்லை. 2017ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணித்துக் காட்டினார்கள்: புகை வாசத்துக்குக் காரணமான குவாயகோல், தண்ணீர் சேர்ந்ததும் மேற்பரப்புக்கு வருகிறது, மூக்குக்குக் கிட்ட. முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு மிடறு. பிறகு தேக்கரண்டியால் சில துளி. டாலிஸ்கரில் புகையும் உப்பும் மிளகும் இருக்கும். பைட்ஸுக்கு டெவல் வேண்டாம், அந்தக் காரம் எல்லாவற்றையும் அடித்துவிடும். வறுத்த கஜு, அல்லது மிளகு தூவிப் பொரித்த இறால்.

விஸ்கியைச் சேர்க்கிறார்கள், நம் சாராயத்தை ஏன் ஒருவரும் சேர்ப்பதில்லை? (யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வத்தளையில் இருக்கும் வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே ஒரு பக்கம் எழுதலாம். தென்னம்பாளையில் இறக்கிய கள்ளைப் புளித்த கையோடு வடித்து, சாவண்டலை மரத்தொட்டியில் முதிர வைப்பது இந்தத் தீவுக்கே உரிய வேலை. சிங்களத்தில் ஹல்மில்ல என்பது அந்த மரம்தான். வடக்கில் திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயத்துக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு மணம் இருக்கிறது. விலை குறைவு என்பதால் நாம் அதை அரிதென்று நினைப்பதில்லை. நாற்பது வருடத்துக்கு முந்திய சாராயப் போத்தலை இன்று தேடினால், அதே காலத்து ஸ்கொட்சைவிடக் கடினம். எல்லாவற்றையும் குடித்துவிட்டு லேபிளோடு பழைய போத்தல்காரருக்குப் போட்டுவிட்டோம்.

உங்கள் பக்கத்து வீடுகளில், முக்கியமாக வயதானவர்கள் வீட்டு மாடத்தில், பழைய சாராயப் போத்தல் திறக்காமல் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். லேபிள், மூடி, மதுவரித் திணைக்கள முத்திரை மூன்றையும் படம் எடுங்கள். சேர்க்கிற பழக்கம் நமக்கு உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். இரண்டு கிடைத்தால் ஒன்றைத் திறந்து, சுவையைக் குறித்து வையுங்கள். அந்தச் சுவை இன்று எங்கும் எழுதப்படவில்லை.

பழைய போத்தலைத் திறக்கும்போது தக்கை பாதியில் உடைந்துவிட்டது. (மருதானை வாசகர்)

திருகாணியை மிச்சத் தக்கையில் சாய்வாக இறக்கி மெதுவாக இழுங்கள். வராவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு, வெளுக்காத கோப்பி வடிதாளில் வடிகட்டிச் சுத்தமான வெற்றுப் போத்தலுக்கு மாற்றுங்கள். முடிந்த போத்தல்களின் தக்கைகளை எறியாமல் சேர்த்து வைத்திருந்தால் ஒன்று பொருந்தும். கிளாசில் ஊற்றி ஒரு கால் மணித்தியாலம் விடுங்கள். பழைய போத்தல்கள் முதலில் கொஞ்சம் பூசண வாசம் காட்டும், அது கலைந்துவிடும். கலையாவிட்டால் தக்கை கெட்டிருந்தது என்று அர்த்தம், ஊற்றிவிடுங்கள்.