தராசில் ஏறும் கயோட்டி

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில், இடாஹோ மாநிலத்தின் பாய்சியில் வேலை பார்க்கிறேன். கயோட்டி என்பது இங்கே திரியும், நரி போன்ற ஓநாய் இன விலங்கு. அலுவலக நண்பர் அதைச் சுடும் போட்டிக்குக் கூப்பிட்டார். அரசு நிலத்தில்தான் நடக்கிறது. நான் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் காட்டிய படத்தில், பிக்கப் வண்டியின் பின்னால் உடல்கள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து சரியான தூக்கமில்லை. என் தாத்தா பாரிவேட்டைக்குப் போனவர், நான் கறி தின்கிறவன். இதை எதிர்க்க எனக்குத் தகுதி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கறி தின்கிறவனுக்குத் தகுதி உண்டா என்பதைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள். எனக்கு எரிச்சல் அந்த ‘சூப்பர்’தான். பிடிக்காவிட்டால் சும்மா இருந்திருக்கலாமே, யார் உங்களைக் கைதட்டச் சொன்னது? சரி, தூக்கம் கெட்டது என்கிறீர்கள், அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை.

பாரிவேட்டை பற்றிச் சில நாளாக நானே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சிவராத்திரி கழித்துப் போவார்கள். திரும்பி வந்ததும் சாவடியில் முயலைக் கூறு போடுவார்கள்: போன ஆளுக்கு ஒரு கூறு, நாய் கொண்டுவந்தவருக்கு நாய்க்கும் சேர்த்து இன்னொன்று. ஒருமுறை பெரியப்பா அறுத்த முயலின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, தன் கூற்றை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார். வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், இன்று போனால் வனத்துறை பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே பரிசு கிடையாது. உங்கள் ஊரில் அதிகம் கொன்றவருக்குப் பரிசு, கனத்த உடலுக்குப் பரிசு, சில இடங்களில் ஆகச் சிறியதற்கும் பரிசு. அடிபட்ட முயல்போல அலறும் கருவியை வைத்து வரவழைத்துச் சுடுகிறார்கள். பெரும்பணம் புரளும் போட்டிகளில் ஜெயித்தவரை உண்மை கண்டறியும் கருவியில் உட்கார வைப்பதும் உண்டு. அவர்களே ஒருவரையொருவர் நம்புவதில்லை!

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு இது உதவி என்று நண்பர் சொல்லியிருப்பார். இதை மட்டும் நான் விடமாட்டேன். கயோட்டிக் கூட்டத்தில் பெரும்பாலும் மூத்த ஜோடிதான் குட்டி போடும். அதைச் சுட்டால் கூட்டம் உடைகிறது, இளசுகள் ஜோடி சேர்கின்றன, வாய்கள் குறைந்ததால் இரை மிஞ்சிக் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன, காலியான இடத்துக்கு வெளியிலிருந்தும் வருகின்றன. ஆட்டைத் தொடாமல் எலியும் முயலும் தின்றுகொண்டிருந்த ஜோடி போய், அந்த இடத்தில் என்ன செய்யும் என்று தெரியாத ஒன்று வந்து உட்காரும். யாருக்கு லாபம்? நூறு வருஷத்துக்கு மேலாக விஷம், பொறி, விமானத்திலிருந்து துப்பாக்கி என்று எல்லாம் பார்த்தாயிற்று, மேற்கே திரிந்த கயோட்டி இன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வரை வந்துவிட்டது. தன் ஆட்டைக் கடித்ததைச் சுடுகிறேன் என்று கிடைக்காரர் சொன்னால் எனக்குப் புரியும். எது கடித்தது என்றே தெரியாமல் எண்ணிக்கைக்காகச் சுடுவது எந்த ஆட்டைக் காப்பாற்றும்?

வேட்டைக்காரர்கள் எல்லாரும் இந்தக் கட்சி என்றும் நினைக்காதீர்கள். பரிசுக்காகக் கொல்வதை 2014இல் கலிஃபோர்னியா தடுத்தது. 2019இல் அரிசோனாவில் தடுத்தது வேட்டை விதிகளை வகுக்கும் ஆணையமேதான். உங்கள் இடாஹோவிலேயே, 2014 நவம்பரில் மத்திய நில நிர்வாகத் துறை ஓநாய், கயோட்டி போட்டிக்குக் கொடுத்த அனுமதியை, வழக்கு வந்ததும் அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. அந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மத்திய அரசு நிலம். அங்கே நடைபயணம் போகிறவருக்கும் கூடாரம் அடிக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

இப்படி ஒரு அனுமதி மறுபடி பரிசீலனைக்கு வந்தால் மக்களிடம் கருத்துக் கேட்கக்கூடும். எழுதுங்கள், அதற்குக் குடியுரிமை தேவையில்லை. நண்பரிடம் அந்தப் படம் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறமும் அவர் சாப்பிடக் கூப்பிட்டால் தாராளமாகப் போய்வாருங்கள்.