சிலிண்டருக்குள் ஈரம்: சோதனைக்குப் பிறகு எழும் சந்தேகங்கள்

ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தம் தாங்குமா என்று பார்க்கும் சோதனை) முடிந்து, காற்றும் நிரப்பி வந்த என் ஸ்கூபா டைவிங் ஸ்டீல் சிலிண்டரைச் சாய்த்தால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. இரண்டு மூன்று டைவ் போனால் தானாகக் காய்ந்துவிடும் என்கிறார் நண்பர். சரியா?

சரியில்லை. அந்த சிலிண்டரோடு தயவுசெய்து கடலில் இறங்காதீர்கள்.

ஹைட்ரோ டெஸ்டில் சிலிண்டர் முழுக்கத் தண்ணீர் நிரப்பித்தான் அழுத்தம் ஏற்றுவார்கள். சோதனை முடிந்ததும் கவிழ்த்து வடித்து, உலர்ந்த காற்று செலுத்திக் காயவைக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை அவசரத்தில் அரைகுறையாக விட்டிருக்கிறார்கள்.

ஓர் இடத்தில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதைப் பெரும்பாலும் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. 12 லிட்டர் சிலிண்டருக்குள் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு; ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) காற்றை அடைத்தாலும், 30 டிகிரி செல்சியஸில் ஒரு கிராம் நீராவிகூட அதில் நிற்காது. மிச்சத் தண்ணீர் தண்ணீராகவே அடியில் கிடக்கும். நீங்கள் சுவாசிக்கும் காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது வெளியேறும். அதற்குள் துரு தன் வேலையைத் தொடங்கிவிடும். 200 பார் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மட்டும் 42 பார், துருவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. துரு ஏற ஏற உள்ளிருக்கும் ஆக்சிஜனும் குறையும். ஈரத்தோடு நெடுநாள் கிடந்த ஸ்டீல் சிலிண்டரின் காற்று ஆளையே மயங்கவைக்கலாம்.

ஆகவே வால்வை லேசாகத் திறந்து காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். சோதித்த இடத்துக்கே கொண்டுபோய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வால்வை நீங்களே கழற்ற வேண்டாம், அது பயிற்சி பெற்றவர் வேலை. மேலோட்டமான துரு என்றால் உள்ளே அரைகற்கள் போட்டுச் சுழற்றித் தேய்த்து எடுத்துவிடலாம். குழி விழுந்திருந்தால் ஆழத்தை அளந்த பிறகே சிலிண்டர் தேறுமா என்று சொல்ல முடியும்.

என்னுடையது அலுமினியம். உள்ளே வெள்ளைப் பொடி தெரிகிறதாம். ஹீட்டர் வைத்துக் காயவைக்கலாமா?

அந்தப் பொடி அலுமினியமும் ஈரமும் சேர்ந்து உண்டானது. துருவைப் போல வேகமாகப் பரவாது. ஆனால் உள்ளே போனது உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியத்திலும் குழி விழும், அதனால் நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, விளக்கு விட்டுப் பார்க்க வேண்டும். நெருப்பு, அடுப்பு, பெயிண்ட் சுடவைக்கும் அறை எதுவும் கூடாது. இந்த உலோகக் கலவைக்கு வலிமை தருவதே தயாரிப்பின்போது செய்த வெப்பப் பதப்படுத்தல்தான். மறுபடி சூடேற்றினால் அந்த வலிமை போய்விடும். கை பொறுக்கும் சூட்டில் உலர்ந்த காற்று போதும்.

கம்ப்ரெசர் ஃபில்டரெல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பிறகும் ஈரம் எப்படி உள்ளே போகிறது?

பெரும்பாலும் வால்வு வாய் வழியாக. டைவ் முடிந்து வந்த சிலிண்டரின் வால்வுத் துளையில் ஒன்றிரண்டு சொட்டு தேங்கி நிற்கும். குழாயை மாட்டிக் காற்று விட்டால் அது நேராக உள்ளே. தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி நிரப்பும் இடங்களில் இது இன்னும் அதிகம்.

ஒன்றிரண்டு சொட்டுதானே என்று தோன்றும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021, 200 பாருக்கு மேற்பட்ட சிலிண்டரில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 35 மில்லிகிராம் நீரைத்தான் அனுமதிக்கிறது. 12 லிட்டர், 232 பார் சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் 100 மில்லிகிராமுக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டே சொட்டு. குழாயை மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள், நிரப்பும் குழாயையும் ஒருமுறை ஊதிவிடச் சொல்லுங்கள். இதைச் செய்யாத இடத்தில் நான் காற்று நிரப்ப மாட்டேன்.

வால்வைத் திறந்தால் புகைபோல வருகிறது. ஈரம்தானா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விரிந்து குளிரும் காற்று பட்டு வெளிக்காற்றின் ஈரமே பனியாகத் தெரியும். சிலிண்டரைச் சிறிது நேரம் கவிழ்த்து வைத்து, சுத்தமான வெள்ளைத் துணிமேல் வால்வை லேசாகத் திறந்து பாருங்கள். துணி நனைந்தால் சந்தேகமே இல்லை. நனையாவிட்டாலும் முழு நிம்மதி வேண்டாம்: வால்வின் உள்முனையிலுள்ள சிறு குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் வெளியே வராது.

சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைச் சுவாசிக்கும் அளவுக்குக் குறைக்கும் ரெகுலேட்டரில், வால்வோடு சேரும் முதல் நிலையின் ஃபில்டரும் துப்புக் கொடுக்கும். செம்பழுப்பு நிறம் ஸ்டீல் துரு, வெளிர் சாம்பல் அலுமினியப் பொடி, பச்சை என்றால் உப்புநீர் ரெகுலேட்டருக்குள்ளேயே புகுந்திருக்கிறது.

சீசன் முடிந்து எடுத்துவைக்கும்போது காலியாக வைக்கலாமா?

வேண்டாம். 20 பார் அளவு காற்றோடு வால்வை மூடி நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால், உள்ளே ஈரம் இருக்கும்பட்சத்தில், அது மெல்லிய பக்கச் சுவரை அரிக்கும்; அடிப்பாகம் தடிமனானது. டைவின்போதும் கடைசி மூச்சுவரை காலி செய்யாதீர்கள், உள் அழுத்தம் வெளி அழுத்தத்துக்குக் கீழே போனால் கடல்நீர் உள்ளே ஏறும். அடுத்த சீசனில் அந்தப் பழைய காற்றைச் சுவாசிக்காமல் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.