கொழிஞ்சாம்பாறையில் சிறிய துணிக்கடை: கால்பந்து உலகக் கோப்பைக்கு ஜெர்சி வாங்கி விற்றால் கட்டுமா?

கட்டும், மொத்தச் சரக்கையும் ஒரேயடியாக எடுக்காவிட்டால். பாலக்காட்டுப் பக்கம் அர்ஜென்டினா, பிரேசில் இரண்டுக்கும்தான் கிராக்கி. 2022-இல் பிரேசில் டிசம்பர் 9 அன்று காலிறுதியில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றது. அர்ஜென்டினா 18-ஆம் தேதி கோப்பையையே வென்றது. தோற்ற அணியின் ஜெர்சி மறுநாளே தேங்கும். அதனால் தொடக்கத்துக்கு மூன்று வாரம் முன்பு பாதி, குழு ஆட்டங்கள் முடிந்ததும் கால் பங்கு, மீதி அரையிறுதிக்கு. திருப்பூர் பக்கத்திலேயே இருப்பது உங்களுக்குப் பெரிய பலம், தவணையாக எடுக்கலாம்.

பெயரும் எண்ணும் இல்லாத ஜெர்சியாக வாங்குங்கள். கேட்பவருக்கு மட்டும் ஹீட் பிரஸ்ஸில் (சூட்டில் அழுத்தி ஒட்டும் இயந்திரம்) ஒட்டிக் கொடுங்கள். பெயர் ஒட்டியது மிஞ்சினால் வேறொருவர் தலையில் கட்ட முடியாது. சிறுவர் அளவுகள் கட்டாயம் வேண்டும். பிராண்ட் முத்திரை, ஃபிஃபா சின்னம் போட்ட போலிச் சரக்கைத் தொடவே தொடாதீர்கள், பறிமுதலும் வழக்கும் வரும். பேனரைத் துணியில் அடியுங்கள். கேரளத்தில் பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை இருக்கிறது.